நாற்பத்தேழு வருட இடைவேளை

எனக்கும் ரஜினிகாந்துக்கும் இரண்டு பொருத்தம் உண்டு. அவர் 1950 டிசம்பரில் பிறந்தவர். நான் அவருக்கு நாலு மாதம் இளையவன். அவர் பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்தவர். நான் சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே முப்பத்திரண்டு வருடம் டிக்கெட் கிழித்தவன். மூன்றாவது பொருத்தம் ஏதாவது அகப்படுமா என்று ஒருநாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "அவருக்கு ஸ்டைல் இருக்கு, உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கு" என்று சொல்லிவிட்டு மனைவி குசினிக்குள் போய்விட்டாள்.

2025 ஆவணியில் பேரன் என்னை 'கூலி' பார்க்க நீர்கொழும்புக்குக் கூட்டிப் போனான். எங்கள் ஊரான உடப்பிலிருந்து வானில் போய்ச் சேரவே முதுகு ஒரு வழியாகிவிட்டது. தியேட்டருக்குள் குளிர். கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். படம் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் அந்தத் துவாய் காதுக்கு ஏறிவிட்டது. இப்போதைய படங்களில் ஒரு மனிதன் கதவைத் திறந்தாலும் குண்டு வெடித்த மாதிரிச் சத்தம் வைக்கிறார்கள். ரஜினி பத்துப் பேரைத் தூக்கி எறிகிறார். நான் இடைவேளைக்கு எழும்ப முன்கதிரையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் முயற்சி செய்தேன். நாலு மாத வித்தியாசம் இவ்வளவு செய்யுமா என்று இருந்தது.

ஆனால் ஒரு விஷயம் பிடித்தது. ரஜினியின் கூலி வில்லையில் 1421 என்று ஒரு நம்பர். டைரக்டர் லோகேஷ் கனகராஜின் அப்பா பஸ் கண்டக்டராம். அவருடைய நம்பராம் அது. பேரன் காதுக்குள் சொன்னான். அதற்குப் பிறகு படத்தில் யார் யாரை அடித்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. அந்த நம்பர் வரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து என் பிள்ளைகளிடம் கேட்டேன்: "என் நம்பர் என்னண்டு யாருக்காவது ஞாபகம் இருக்கா?" ஒருவருக்கும் இல்லை. சரி, நானாவது சொல்லுவோம் என்று பார்த்தால் எனக்கும் வரவில்லை.

அன்றைக்குப் படம் விட்டுத் திரும்பி வரும்போது வானில் பேரன் கேட்டான், "எப்படி தாத்தா படம்?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

அவனுக்கு ஏமாற்றம். என்னைப் பற்றிப் பாட்டி சொல்லி வைத்த கதைகள் அப்படி. ஒரு காலத்தில் இந்தக் கரையில் எந்தப் படம் நல்லது, எது குப்பை என்று தீர்ப்புச் சொன்ன ஆள் நான். அதுவும் சும்மா சொல்லவில்லை, ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு ஐம்பது பேருக்குக் கேட்கச் சொன்னவன்.

அது எழுபதுகளின் கடைசி. ரூபவாஹினி டிவி வர இன்னும் மூன்று நாலு வருடம் இருந்தது. பொழுதுபோக்கு என்றால் வானொலி, கோயில் திருவிழா, தியேட்டர், அவ்வளவுதான். வானொலியில் கே.எஸ். ராஜா 'திரைவிருந்து' நிகழ்ச்சியில் ஒரு புதுப்படத்தைப் பற்றி அந்தக் குரலில் சொன்னார் என்றால், கரைவலை இழுக்கிற பொடியன்களுக்கு அன்றைக்குக் கை ஓடாது. படம் பார்க்கச் சிலாபத்துக்குத்தான் வர வேண்டும். கையில் இருக்கிற காசைப் பொறுத்து கலரி, செக்கன்ட் கிளாஸ், ஓடிசி, பல்கனி. கலரியில் மூட்டைப்பூச்சி கடிக்கும். ஓடிசியிலும் கடிக்கும், ஆனால் கதிரைக்குச் சாய்வு இருக்கும்.

வருகிறவர்கள் எல்லாரும் என் பஸ்ஸில்தான் ஏற வேண்டும். நானோ வேலை முடிந்து சிலாபத்தில் தங்குகிற இரவுகளில் செக்கன்ட் ஷோ பார்த்துவிடுவேன். அதனால் முந்தலிலோ பத்துளுஓயாவிலோ யாராவது ஏறி, "கண்டக்டர், படம் எப்படி?" என்று கேட்டால், பங்கதெனிய வருவதற்குள் தீர்ப்புத் தயார். "காசு வீண்." "முதல் பாதி பார்த்துட்டு வந்துடு." "ஹீரோயினுக்கு நடிக்க வராது." என் பேச்சைக் கேட்டு சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள் உண்டு. அதில் எனக்கு ஒரு பெருமை. தியேட்டர் முதலாளி என்னைக் கண்டால் அடித்திருப்பார்.

எங்கள் பஸ் டிரைவர் சிலாபத்துச் சிங்கள ஆள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் என்னை 'மல்லி' என்பார், நான் அவரை 'அய்யே' என்பேன். தம்பி, அண்ணன் என்பதுதான். அவருக்குத் தமிழ் அரைகுறை, எனக்குச் சிங்களம் முக்கால்குறை. எந்தப் படத்தைப் பற்றியும் அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. "எப்படி அய்யே?" என்றால், "போய்ப் பார் மல்லி" என்பார். அப்போது எனக்கு அது அறியாமையாகப் பட்டது. ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ஒரு கருத்தும் இல்லாமல் வருகிற மனிதன் என்ன மனிதன் என்று நினைப்பேன்.

1978 இல் 'பைலட் பிரேம்நாத்' வந்தது. சிவாஜி கணேசனும் நம் நாட்டு மாலினி பொன்சேகாவும் சேர்ந்து நடித்த படம், இந்திய இலங்கைக் கூட்டுத் தயாரிப்பு. நான் சிவாஜிக்காகப் போனேன், அய்யே மாலினிக்காகப் போனார். பஸ்ஸில் அந்த இரண்டு வாரமும் வேறு பேச்சே இல்லை.

ஒருநாள் காலை பத்துளுஓயாவில் ஒரு அக்கா இரண்டு பிள்ளைகளோடு ஏறினாள். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரிதான். தலையில் மல்லிகை, கையில் சாப்பாட்டுப் பொட்டலம். பிள்ளைகளின் சட்டையில் இஸ்திரி மடிப்பு. சந்தைக்குப் போகிற உடுப்பு இல்லை என்று தெரிந்தது. "எங்க அக்கா, படத்துக்கா?" என்று கேட்டேன். "ஓம் தம்பி" என்றாள். அந்த 'ஓம்' இப்போதும் காதில் இருக்கிறது. மாதக்கணக்கில் சேர்த்து வைத்த ஓம் அது.

நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தன் மூன்று பிள்ளைகளில் ஒன்று தன்னுடையது இல்லை என்று ஒரு தகப்பனுக்குத் தெரியவருவதில் தொடங்கி, கடைசியில் என்ன ஆகிறது என்பது வரை முழுக்கதையும் அவிழ்த்துவிட்டேன். சிவாஜி மாதிரிக் குரலை உடைத்து நடித்தும் காட்டினேன். பின் சீட்டில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஸ்ரீதேவி கண் தெரியாத பெண்ணாக வருகிறாள் என்றபோது அந்த அக்காவின் மூத்த பிள்ளை, ஏழெட்டு வயதிருக்கும், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "தம்பி, ஆடி மாசம் நம்ம திரௌபதை அம்மன் கோயில்ல நடக்கிறது பாரதக் கதைதானே. துரியோதனன் சாவான்னு தொட்டில்ல கிடக்கிற பிள்ளைக்கும் தெரியும். தெரிஞ்சுதான் பதினெட்டு நாளும் போறோம், தீ மிதிக்கிறோம். கதை தெரிஞ்சா எனக்கு ஒண்ணும் குறையப் போறதில்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா இந்தப் பிள்ளைக்கு இதுதான் முதல் படம். அதுக்குத் தெரியாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

கோபமே இல்லை அந்தப் பேச்சில். கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். அன்றைக்கு அவளுக்கு ஒரு சதம் குறையாமல் மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தேன். கண்டக்டராக நான் காட்டக்கூடிய மரியாதை அவ்வளவுதான். சிலாபத்தில் எல்லாரும் இறங்கின பிறகு அய்யே கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மல்லி, பட டிக்கெட்டை அவங்க அங்க வாங்குவாங்க. நீ பஸ் டிக்கெட்டைக் குடு" என்றார். அவர் பேசிய மிக நீளமான தமிழ் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் நடந்து திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால் ஒரு வாரம் வாயைக் கட்டினேன், பிறகு பழையபடி ஆகிவிட்டேன். திருந்துகிறதற்கு எனக்கு எப்போதும் பஸ் பிந்தித்தான் வரும்.

இப்போது வீட்டில் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி. கொழும்பில் வேலை செய்கிற மகன் வாங்கிப் பூட்டிவிட்டுப் போனான். எண்பதுகளில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றி, ஒரே இரவில் மூன்று படம் முற்றத்தில் போடுவோம்; மூன்றாவது படம் முடியும்போது நானும் இன்னும் இரண்டு நாய்களும்தான் மிச்சம் இருப்போம். இப்போது நினைத்த நேரத்தில் படம். நினைத்த நேரத்தில் தூக்கமும்.

'மெய்யழகன்' படத்தை அப்படித்தான் இரண்டு இரவாகப் பார்த்தோம். கார்த்தியும் அரவிந்த்சாமியும் நடித்தது, '96' எடுத்த பிரேம்குமார் எடுத்தது. 2024 இல் தியேட்டருக்கு வந்தபோது நீளம் என்று சனம் முணுமுணுத்ததால், ஓடிக்கொண்டிருக்கும்போதே பதினெட்டு நிமிடம் அளவில் வெட்டினார்களாம். எனக்கு நீளமே தெரியவில்லை. நடுவில் நான் வெட்டிக்கொண்டது அதைவிடக் கூட. இருந்தாலும் பார்த்த மட்டும் மனதுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பல வருடம் கழித்து ஊருக்கு வருகிற ஒருவர். அவரை 'அத்தான் அத்தான்' என்று உருகுகிற ஒருவன். வந்தவருக்கு அவன் பெயர் ஞாபகம் இல்லை. இரவு முழுக்க அவன் வீட்டில் சாப்பிடுகிறார், கதைக்கிறார், பெயரைக் கேட்க வெட்கம். அவரோ எப்போதோ விட்டுப்போன ஒரு சைக்கிள் அந்தக் குடும்பத்தையே தூக்கி நிறுத்தியிருக்கிறது. விட்டுப்போனவருக்கு அது நினைவிலும் இல்லை.

இந்த வெட்கம் எனக்கு நல்லாத் தெரியும். கண்டக்டரை ஊருக்கே தெரியும், கண்டக்டருக்கு யாரையும் தெரியாது. சிலாபம் சந்தையில் நடந்தால் பத்தடிக்கு ஒருவர், "என்ன கண்டக்டர், தெரியலையா?" என்பார். "ஏன் தெரியாது! வீட்டில எல்லாரும் சுகமா?" இந்த ஒரு கேள்வியை வைத்தே இருபது வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

படம் பார்த்து ஒரு மாதம் இருக்கும். மீன் கடைப் பக்கம் ஒருவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நரைத்த தலை, கக்கத்தில் குடை. "உங்களை எத்தனை வருஷமா தேடுறேன்" என்றார். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. ஆஹா, நம்முடைய சைக்கிள் வந்துவிட்டது என்று நினைத்தேன். எந்தக் காலத்திலோ டிக்கெட் வாங்காமல் ஏற்றியிருப்பேன், சோதனைக்குப் போகிற பிள்ளையை ஓடிவந்து ஏறும்வரை காத்திருந்து கூட்டிப் போயிருப்பேன். "வீட்டில எல்லாரும் சுகமா?" என்று தொடங்கினேன்.

"1981 இல பாலாவியில இறங்கும்போது நீங்க எனக்கு முப்பத்தஞ்சு சதம் மிச்சம் தரணும்" என்றார். "டிக்கெட்டுக்குப் பின்னால எழுதிக் குடுத்தீங்க. சில்லறை இல்ல, நாளைக்கு வாங்கிக்கோண்டீங்க. நாளைக்கு நீங்க லீவு."

கற்பிட்டிப் பக்கம் போகிற அடுத்த பஸ்ஸுக்கு வைத்திருந்த காசாம் அது. அது இல்லாமல் உப்பளத்தைத் தாண்டி வெயிலில் நடந்திருக்கிறார். ஒரு லொறிக்காரர் பாவம் பார்த்து ஏற்றிக்கொண்டாராம். "அவர்தான் பிறகு என் மாமனார்" என்றார். நாற்பது வருடக் குடும்ப வாழ்க்கை, மூன்று பிள்ளைகள், ஐந்து பேரப்பிள்ளைகள், எல்லாம் என் கஞ்சத்தனத்தில் முளைத்தது. நன்றி சொல்லத்தான் தேடினாரோ என்று கேட்டேன். "அது வேற. முப்பத்தஞ்சு சதம் முப்பத்தஞ்சு சதம்தான்" என்றார். இரண்டு பேரும் பிளேன்டீ குடித்தோம். காசு நான் கொடுத்தேன். பிரியும்போதுதான் உறைத்தது, பெயரைக் கேட்கவில்லை.

'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் வீட்டில்தான் பார்த்தோம். அபிஷன் ஜீவிந்த் என்ற சின்னப் பையன் எடுத்த முதல் படமாம். சசிகுமாரும் சிம்ரனும் பொருளாதார நெருக்கடி தாங்காமல் பிள்ளைகளோடு படகு ஏறி ராமேஸ்வரம் போகிற இலங்கைக் குடும்பம். 2022 இல் மன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு உண்மையாகவே அப்படிப் போனார்களே. அதற்குப் பத்து வருடம் முந்தி எங்கள் கரையிலிருந்தும் அவுஸ்திரேலியா என்று படகு ஏறினார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் என் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர்கள். அதனால் படத்தின் முதல் காட்சியில் படகு ஆடும்போது எல்லாரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு சிரித்தேன். சின்னப் பையனாக வருகிற அந்தப் பிள்ளை சிரிக்காமல் விடாது.

அதில் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்: வாயைத் திறக்காதீங்க, பேச்சைக் கேட்டால் எந்த ஊர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சு அப்படிக் காட்டிக் கொடுக்கும். எங்கள் உடப்புப் பேச்சு வேறு. எங்கள் முன்னோர் ராமேஸ்வரக் கரையிலிருந்து வந்தவர்கள் என்றுதான் ஊரில் சொல்லுவார்கள். நான் ஒருமுறை ராமேஸ்வரம் போயிருந்தபோது சங்கு கடைக்காரர் ஒருவர் என்னோடு அரைமணி நேரம் பேசிவிட்டு, "பாம்பன்தானே உங்களுக்கு?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விலை குறைத்துக் கொடுத்தார். கோயிலுக்குப் போய்ப் பொய் சொன்ன பாவம் ஒருபக்கம் இருக்கட்டும், அந்த ஒரு நிமிடம் பொய் சொன்ன மாதிரியே இல்லை. படத்தைப் பார்த்தபோது பேரனிடம் சசிகுமாரின் யாழ்ப்பாணத் தமிழ் அங்கங்கே சறுக்குகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கண் கலங்கி உட்கார்ந்திருந்தான். சொல்லவில்லை. இப்படிச் சொல்லாமல் விடுகிறவை இப்போது கூடிக்கொண்டு வருகின்றன. பல் குறையக் குறைய வாய் மூடப் பழகுகிறது போலும்.

2025 மே மாதம் மாலினி பொன்சேகா காலமானார். டிவியில் பழைய படத்துண்டுகளைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அதில் ஒன்று கறுப்பு வெள்ளை: கடற்கரை, மணலில் வள்ளங்கள், பின்னால் ஓலைக் கொட்டில்கள். "தாத்தா, இது நம்ம பக்கம் மாதிரி இருக்கே" என்றான் பேரன்.

நம்ம பக்கம்தான். 'பம்பரு எவித்'. தர்மசேன பத்திராஜ 1978 இல் எடுத்த படம், கற்பிட்டிக் கரையில் நடக்கிற கதை. அதற்கு முந்தின வருடம் யாழ்ப்பாணம் போய்த் தமிழில் 'பொன்மணி' எடுத்தவரும் அவர்தான், அது ஓடவில்லை. பம்பரா என்றால் பெருந்தேனீ. கூட்டில் கல் விழுந்தால் ஊரே ஓட வேண்டிய ரகம். பட்டணத்திலிருந்து விஜய குமாரதுங்கவும் கூட்டாளிகளும் மீன் வியாபாரம் என்று ஒரு மீனவ ஊருக்குள் வருகிறார்கள். ஏற்கெனவே அங்கே ஜோ அபேவிக்ரம வைத்ததுதான் சட்டம். மாலினி அந்த ஊர்ப் பெண். இசை கேமதாச. இவ்வளவும் எனக்குத் தெரியும். ஏனென்றால் நான் முதல் பாதி பார்த்திருக்கிறேன்.

அய்யேதான் கூட்டிப் போனார், அவர் காசில், ஓடிசியில். மாலினியை விடுவாரா? எனக்கு அப்போது இருபத்தேழு வயது. சண்டை இல்லை, சிவாஜி இல்லை, எனக்கு விளங்குகிற வேகத்தில் சிங்களமும் இல்லை. திரையில் வலை, கருவாடு, வாடி, சாரம் கட்டிய ஆம்பிளைகள். என் அப்பா கரைவலை இழுத்தவர். அவர் உள்ளங்கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கயிற்றை நான் பிடிக்கக்கூடாது என்றுதான் அவர் என்னைப் படிக்க வைத்து, தோல் பையைத் தோளில் மாட்டிவிட்டார். விட்டுவந்ததைத் திரும்பப் பார்க்க டிக்கெட் எடுப்பானேன்?

இடைவேளை மணி அடித்தது. "அய்யே, இந்தக் கருவாட்டு நாத்தத்தைப் பாக்க நான் காசு குடுக்கணுமா? காலையில வீட்டு வாசல்ல நிண்டா சும்மா பாக்கலாம்" என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். பக்கத்து வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். காசு கொடுத்தவர் அவர் என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. அய்யே என்னைத் தடுக்கவில்லை. "சரி மல்லி, போயிட்டு வா" என்றார். தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து என் கதிரையில் விரித்தார்.

நான் வெளியே வந்து ஒரு சுருள் கச்சான் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். படம் விட்டுச் சனம் வந்தது. யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. அய்யே கடைசியில் வந்தார், துவாய் தோளில் இருந்தது. "உன் சீட்டை யாருக்கும் குடுக்கல" என்றார். குத்தல் இல்லை, தகவல் சொல்லுகிற மாதிரி.

"முடிவு என்ன அய்யே?"

"போய்ப் பார்."

மறுநாள் கேட்டேன். அடுத்த வாரம் கேட்டேன். பஸ்ஸில் ஊர்க் கதை எல்லாம் சொல்லுகிற மனிதன் இதை மட்டும் சொல்லவில்லை. முதலில் எரிச்சல், பிறகு பிடிவாதம். நீர் சொல்லாவிட்டால் போம், நானும் பார்க்க மாட்டேன். படம் சிலாபத்தை விட்டுப் போய்விட்டது. கொஞ்சக் காலத்தில் அவருக்கு வேறு பாதை, எனக்கு வேறு டிரைவர். 1988 இல் விஜய குமாரதுங்கவைச் சுட்டுக் கொன்ற அன்றைக்கு அவரைச் சிலாபத்தில் கண்டேன். கடை வாசலில் வானொலிக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். அன்றைக்குப் போய் முடிவைக் கேட்க முடியுமா? பத்து வருடம் கழித்து அவர் சாவு வீட்டுக்குப் போனேன். மகள் தேத்தண்ணி தந்தாள். "அப்பா உங்களைப் பத்தி நிறையச் சொல்லுவார்" என்றாள். என்ன சொன்னார் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

நான் எத்தனை பேருக்கு எத்தனை முடிவைச் சொல்லியிருக்கிறேன், கேட்டும் கேட்காமலும். அந்த மனிதர் ஒரே ஒரு முடிவை எனக்காக இருபது வருடம் வாய்க்குள் வைத்திருந்தார். அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது விளங்குவதற்குள் முடி நரைத்து, பென்ஷனும் எடுத்துவிட்டேன்.

பேரன் அதே கிழமை அந்தப் படத்தை எங்கேயோ தேடிப்பிடித்து டிவியில் போட்டான். கோடு விழுந்த பிரதி. சத்தமும் அவ்வளவு தெளிவில்லை. நான் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன். அதே கடல்தான். ஆனால் இந்த முறை நான் பார்த்தது வேறு. திரையின் ஓரத்தில், கதைக்குச் சம்பந்தமில்லாமல் நிற்கிற சனத்தைப் பார்த்தேன். நடிக்கத் தெரியாமல், கமராவைப் பார்க்கவும் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிற கரையோரச் சனம். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, ஒரு கையை இடுப்பில் வைத்துக் கடலைப் பார்த்து நிற்கிற ஒரு கிழவனின் முதுகு. என் அப்பா அப்படித்தான் நிற்பார். எங்கள் வீட்டில் அப்பாவின் படம் ஒன்றுகூட இல்லை.

மாலினிக்கு அதில் முப்பதை ஒட்டின வயதுதான், டிவிக்குக் கீழே அவருடைய மரண அறிவித்தல் வந்த பத்திரிகை கிடந்தது.

அந்த இரண்டாம் பாதியில் என்ன நடக்கிறது என்று இங்கே சொல்லப் போவதில்லை. பத்துளுஓயாவில் ஏறின அக்காவுக்கு நான் பட்ட கடன் அது. அவள் பிள்ளைக்கு இப்போது ஐம்பத்தைந்து வயதாவது இருக்கும்.

ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். மணலில் சனம் கூடி நிற்கிற ஒரு காட்சி வந்தது. எனக்குப் பிடரியில் ஏதோ தட்டின மாதிரி இருந்தது. இங்கேதான். இந்த இடத்தில்தான் மணி அடித்தது.

"நிப்பாட்டு தம்பி."

"ஏன் தாத்தா, நல்லால்லையா? வேற படம் போடவா?"

"இல்ல. இரு, வாறேன்."

குசினிக்குப் போய்ச் சீனி போடாத பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு பின்வாசலில் நின்று குடித்தேன். கடல் இரைந்துகொண்டிருந்தது. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே வந்தேன். பேரன் என் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் காலை எடுத்தான். உட்கார்ந்து, துவாயை மடியில் போட்டுக்கொண்டு, "இப்ப போடு" என்றேன்.